பழைய வீட்டின் வெப்பமும் ஈரமும்: உமி, சுண்ணாம்பு ஆகியவற்றின் பயன்

களனி கங்கை கடலொடு கலக்குமிடம் முகத்துவாரம். அங்கே உப்புக்காற்றும் ஆற்றீரமும் ஒருங்கே வீசும். கொழும்பின் ஆண்டு மழையோ ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர். அங்குள்ள பழைய வீடுகளுட் பல கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றின் குறைகள் கமக்காரரின் பழைய வீடுகளுக்கும் பொதுவானவையாதலின், அவற்றை நீக்கும் வழி இங்கு விளக்கப்படுகின்றது.

சுவர் பழுதாவதேன்?

கபுக்கல்லும் செங்கல்லும் நுண்துளைகள் உடையவை. நிலத்தீரத்தையும் மழையீரத்தையும் அவை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை ஆவியாக வெளிவிடும். 1950 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின் சீமெந்து எளிதிற் கிடைக்கலாயிற்று. பழஞ்சுவர்களுக்கும் அதனையே பூசும் வழக்கம் பரவிற்று. செறிந்த சீமெந்துப் பூச்சும் பிளாத்திக்கு வர்ணமும் ஈரத்தை எளிதில் வெளிவிடா. உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் பூச்சை உரித்து, மரங்களை உக்கச் செய்யும். அச்சுவரோரம் வைத்த விதைநெல்லும் ஈரமேறி முளைதிறன் குன்றும். விதைநெல்லின் ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது.

செய்யவேண்டியவை

1. கூரை ஒழுக்கையும் பீலிகளையும் முதலிற் திருத்துக. ஒழுகும் கூரையின்கீழ் எப்பொருளும் பயன் தராது.

2. உரிந்த சீமெந்துப் பூச்சை அகற்றிச் சுவரை உலரவிடுக. நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பற்ற மணல் 3 பங்கு சேர்த்து மெல்லிய படைகளாகப் பூசுக. சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்ல இறுகுமாதலின், சில நாட்களுக்கு ஈரச்சாக்கால் மறைத்துக் கடும் வெயிலினின்றும் காக்க. கண்ணிலும் தோலிலும் சுண்ணாம்பு படாதவாறு கவனிக்க. பூச்சு இறுகியபின் வெளிப்புறம் வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பப்படும்.

3. பகலில் வெப்பம் பெரும்பாலும் கூரைவழியே இறங்குகின்றது. உட்கூரைப் பலகையின்மேல் உலர்ந்த உமியை 4 அங்குலத் தடிப்பிற் பரப்புக. உமிகளிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமியாதலால் அரிசி ஆலைகளில் இது தாராளமாகக் கிடைக்கும். உமிக்கும் ஓட்டுக்குமிடையே வெளிவிட்டு, இறவாரத்திற் காற்றுத் துளைகள் அமைத்தால் வெப்பக்காற்று வெளியேறும்.

4. மாலை வெயில் படும் மேற்கு யன்னல்களுக்கு வெளியே தும்புப்பாய் தொங்கவிடுக.

எச்சரிக்கை

உமியில் நெல்மணி கலந்திருப்பின் எலிகள் சேரும். நன்கு புடைத்து, துளைகளைக் கம்பிவலையால் மூடுக. 4 அங்குல உமி ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 10 கிலோகிராம் பாரமுடையது; உக்கிய பலகைமேற் பரப்பலாகாது. உமி புகைந்து எரியுமாதலின் அடுப்புப் புகைபோக்கியையும் பழைய மின்கம்பிகளையும் அணுகவிடலாகாது. கல்நார்த் தகட்டுக் கூரையாயின் அதனை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைக்கும்.

மாரி தொடங்குமுன் சுவர்வேலையை முடித்து, ஆண்டுக்கொருமுறை உமியைக் கிளறிப் பார்த்து, ஈரங்கண்ட பகுதியை மாற்றுக. விதைமூடைகளைச் சுவரினின்றும் ஓரடி விலக்கி, மரச்சட்டத்தின்மேல் அடுக்குக.