புயலுக்குப் பிறகு எத்தனை டன் வரும்?

2018 செப்டம்பர் 14 அன்று ஃபுளோரன்ஸ் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கரையைக் கடந்தது. காற்றைவிட மழைதான் கொடுமை செய்தது. சாலைகள் மூழ்கி, வில்மிங்டன் நகரம் தீவாகிப் போனது.

அந்தப் பகுதி ஏழைகளுக்குச் சோறு போடுவதில் உணவு வங்கிக்கும் முக்கியப் பங்கு உண்டு. கடைகளிலும் ஆலைகளிலும் மிஞ்சும் நல்ல உணவைத் திரட்டி, தேவாலயங்கள், தொண்டு அமைப்புகள் வழியாகக் கொடுக்கிறார்கள். வருவதைப் பொறுத்தே லாரி, குளிர்பதன அறை, ஆட்கள் எல்லாம். அதனால் அடுத்த வாரம் எவ்வளவு வரும் என்ற கணிப்பு அங்கே உயிர்நாடி. வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தின் லாரன் டேவிஸ் குழுவினர் இந்த நன்கொடை வரவைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பேரிடர் வந்தால் கணிப்பு தடுமாறும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: வாரம் 100 டன் வரும் கிடங்குக்குப் புயல் வாரத்தில் 400 டன் குவிகிறது. பழைய கணிப்போடு, அது தவறிய அளவில் 30 சதவீதத்தைக் கூட்டுவது எளிய முறை. அதன்படி அடுத்த வாரத்துக்கு 190 டன் என்று வரும். ஆனால் வருவதோ மீண்டும் 100 டன். மீதி 90 டன்னை நம்பி ஊர்களுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

இதற்கு வழி உண்டு. ஜார்ஜ் பாக்ஸ், ஜார்ஜ் டியாவ் ஆகிய இரு புள்ளியியலாளர்கள் 1975-லேயே அதை எழுதிவைத்தார்கள். புயல் போன்ற திடீர் நிகழ்வைத் தனி மாறியாகக் கணக்கில் சேர்த்து, அதன் தாக்கம் எப்படி ஏறி எவ்வளவு வேகமாக வடிகிறது என்று அளப்பதே அந்த முறை. வழக்கமான வரவும் புயலால் வந்ததும் தனித்தனியே தெரிந்துவிடும்.

எடை மட்டும் தெரிந்தால் போதாது என்பதையும் சொல்லவேண்டும். பொதுமக்கள் அனுப்பும் ஒரே பெட்டியில் குழந்தை உணவு, பீன்ஸ் டப்பா, தேதி கடந்த சூப், ஷாம்பு எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, தேதி பார்த்து, உப்பிய டப்பாவை ஒதுக்கித் தரம் பிரிக்க ஆள் வேண்டும். கரண்ட் இல்லாத வீட்டுக்கு, திறந்ததும் சாப்பிடக்கூடியதுதான் உதவும். அதனால் எந்த வகை எவ்வளவு வரும் என்ற கணிப்புக்கே என் ஓட்டு.

தொலைக்காட்சி அடுத்த செய்திக்குப் போனதும் நன்கொடை வடிந்துவிடுகிறது. வேலையும் வீடும் இழந்தவர்களின் பசி மாதக்கணக்கில் நீள்கிறது. எங்கே பேரிடர் நேர்ந்தாலும், கொடுக்க நினைப்பதில் ஒரு பங்கைப் பணமாக எடுத்துவைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அனுப்புங்கள்.