முருங்கை முதலில், பெட்டி பிறகு

கொல்லையில் ஒரு தேனீப் பெட்டி வைக்கலாமே என்ற ஆசை வந்தால், தென்மாவட்டத்துக்காரர்கள் உடனே மார்த்தாண்டத்தைத்தான் நினைப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1910-களில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நம் இந்தியத் தேனீயின் அளவுக்கேற்ற சிறு பெட்டியை வடிவமைத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் தேனீ வளர்ப்பை அங்கே வீட்டுத் தொழிலாக்கினார். ஆனால் இன்று மார்த்தாண்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறது. இலை உதிர்ந்து புதிதாகத் துளிர்க்கும்போது ரப்பரின் இலைக்காம்பு நுனியில் இனிப்பு நீர் கசியும். பூவே இல்லாமல் அங்கே தேன் பெருகுவது அதனால்தான். தூத்துக்குடியை அடுத்த எங்கள் முத்தையாபுரத்தில் உப்பளமும் உடைமரமும்தான் உண்டு. எனவே மார்த்தாண்டத்துக் கணக்கை இங்கே போடக் கூடாது.

இங்கே வேறு கணக்கு போட வேண்டும்: பெட்டிக்கு முன் மரத்தை எண்ண வேண்டும். வீட்டைச் சுற்றி நடக்கிற தூரத்தில் முருங்கை, வேம்பு, புங்கை, தென்னை, புளி எத்தனை நிற்கின்றன? ஏரல், சாத்தான்குளம் பக்கம் போல இங்கும் முருங்கை செழிக்கும். காலையில் பூத்த முருங்கையின் கீழ் நின்றால், பின்னங்காலில் மகரந்த உருண்டை ஒட்டிய தேனீயைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஊரெல்லாம் சபிக்கும் சீமைக்கருவேலமும் தேனீக்கு நல்ல தீனிதான். உப்பு மண்ணில் பூ கிடைக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ளாதது இதனால்தான். உண்மையான பஞ்சம் நல்ல தண்ணீருக்கு. கோடையில் தேனீக்கள் அடையின் மேல் நீரைப் பரப்பிச் சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர வைக்கின்றன. புழுக்கள் வளரும் இடம் ஏறக்குறைய 35 டிகிரியிலேயே இருந்தாக வேண்டும். அகலச் சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து குடிக்கச் சில கூழாங்கற்கள் போட்டு நிழலில் வைத்தால் போதும். பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களுக்கு எறும்பேறாமல் நீர்க் கிண்ணம் வேண்டும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் வாசல் கிழக்கு பார்த்திருக்கட்டும். இத்தாலியத் தேனீயைப் பூப் பருவத்துக்கேற்ப ஊர் ஊராகத் தூக்கிப் போகிறார்கள்; ஒரே கொல்லையில் இருந்து பிழைக்க இந்தியத் தேனீயே ஏற்றது.

குழந்தைகள் உள்ள வீட்டில் கொட்டாதா என்று கேட்பது சரியான கேள்வி. நடைபாதையை விட்டு ஒதுக்குப்புறமாக வைத்தால் ஆபத்து குறையும். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்தெடுக்க வேண்டும். முன்பு கொட்டியபோது மூச்சுத் திணறியவர் இருக்கும் வீட்டில் மட்டும் பெட்டியே வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் ஒன்று தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. நோய் பயமும் பொய்யல்ல. அதனால் கடன் வாங்கிப் பத்துப் பெட்டி வைக்காமல், ஒன்றோடு தொடங்கிப் பழக வேண்டும். சந்தேகம் கேட்கக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. முதல் ஆண்டில் தேனை எதிர்பார்க்காதீர்கள். கொல்லையில் பூசணியும் பாகலும் நன்றாகக் காய் பிடித்தால் அதுவே கூலி. பி.கே.எம். 1 முருங்கை விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கும். முதலில் அதை ஊன்றுங்கள். அது பூக்கும்போது பெட்டி வாங்கலாம்.