குழாய்த் தண்ணீர்: கட்டும் பணமும் கேட்கும் உரிமையும்

தமிழ்நாட்டு நகரங்களில் குடிதண்ணீருக்காக ஒரே வீடு பல வழிகளில் பணம் கட்டுகிறது. நகராட்சிக்கோ, சென்னையில் குடிநீர் வாரியத்துக்கோ செலுத்தும் வரியும் கட்டணமும் ஒன்று. குழாய்த் தண்ணீரை நம்பாமல் வாங்கும் 20 லிட்டர் கேன் இன்னொன்று. ஆர்.ஓ. கருவியும் அதன் பராமரிப்பும் மூன்றாவது. பின்னிரண்டும் உண்மையிலேயே தேவையா என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். பெரும்பாலான வீடுகள் செய்யாமல் விடுவதும் அதைத்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 10500 (2012). அதன்படி 100 மி.லி. தண்ணீரில் ஈ.கோலி கிருமி அறவே இருக்கக் கூடாது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம்; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஃபுளோரைடுக்கு 1 மி.கி., மாற்று இல்லையென்றால் 1.5. நைட்ரேட்டுக்கு 45, அதில் தளர்வே கிடையாது. ஆர்.ஓ. விற்பவர்கள் வீடு தேடி வந்து காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஏறத்தாழ உப்பின் அளவை மட்டுமே காட்டும். கிருமி இருப்பதைக் காட்டாது. 90 காட்டும் தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம்.

சாக்கடை கலப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் விநியோகம். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே புகுகிறது. தெருக் குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை மோசமாக்கும். விதிப்படி அது குற்றம், இணைப்பையே துண்டிக்கலாம். நன்கு கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் சாகும். ஃபுளோரைடு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டதும் இந்த ஃபுளோரைடால்தான்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தூய்மைப்படுத்திய பாட்டிலில் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வீட்டுப் பாட்டிலில் கொண்டுபோன மாதிரியின் முடிவு நிற்காது.

கலங்கலோ நாற்றமோ தெரிந்தால் சென்னையில் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து ஒப்புகை பெறுவது நல்லது. தங்கள் பகுதியின் நீர்ச் சோதனை முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கேட்கலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். அந்தச் சட்டம் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறும் உரிமையையும் தருகிறது என்பது பலர் அறியாதது.

மாசற்ற நீரை அனுபவிப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. அந்த அடிப்படையில் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். இழப்பீடு கேட்பவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. ஆனால் அங்கே ஒரு சிக்கல்: வரி மட்டும் கட்டுபவர் 'நுகர்வோர்' ஆவாரா என்பது வழக்குக்குரியது; சேவைக்கென்று கட்டணம் கட்டியவரின் வாதம் வலுவானது. ஆகவே குடிநீர்க் கட்டண ரசீதுகளைத் தூக்கி எறியக் கூடாது. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அந்த ஆணையத்தில் மனு கொடுத்தாக வேண்டும்.