துருவமீன் தெரியாத ஊருக்கு ஒரு தொலைநோக்கி

நம் ஊரான பெரியகுளத்துக்கு வடக்கே எழுந்து நிற்கும் மலையின் மேல் 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. அதன் பின்கட்டிலேயே 38 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றைச் செய்து, ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குக் கொண்டுபோய் 1968-இல் வானம் பார்க்கத் தொடங்கினார்கள். இன்றைய வைணு பாப்பு வானாய்வகத்தின் முதல் கருவி அதுதான். அதைவிடச் சிறிதாக, இரண்டு பேர் தூக்கும் அளவில் ஒன்றை நம் வீட்டுக் கொல்லையிலும் செய்யலாம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கி. பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தொடர, பல தொலைநோக்கிகளின் அச்சைத் துருவமீனை நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். நம் ஊர் அட்சரேகை 10 பாகை. எனவே துருவமீனும் தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்திலேயே நிற்கும். மலையடிவாரத் தோப்பில் நின்றால் கொடைக்கானல் மலை அதை மறைத்துவிடக்கூடும். இவ்வளவு தாழ்ந்த சாய்வுக்குக் கடைத் தாங்கிகள் பலவும் இறங்குவதில்லை.

அமெரிக்காவில் 1967 வரை வேதாந்தத் துறவியாக இருந்த ஜான் டாப்சனின் மரப்பெட்டித் தாங்கிக்குத் துருவமே வேண்டாம். பிளைவுட் பெட்டி மேலும் கீழும் சாயும், பக்கவாட்டில் சுழலும். உரசும் இடங்களில் ஒருபுறம் டெஃப்லான் துண்டு, மறுபுறம் சன்மைக்கா. விரலால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். நீண்ட நேரம் படம் பிடிக்க இது உதவாது. கண்ணால் பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

தொலைநோக்கியில் ஒளியைக் குவிக்கும் ஆடிக்குத்தான் பொறுமை வேண்டும். 15 செ.மீ. கண்ணாடி வட்டுகள் இரண்டை, இடையே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டுத் தேய்த்தால் மேல்வட்டு குழியும். 120 செ.மீ. குவியத் தூரத்துக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குழிந்தால் போதும். பிறகு மெருகேற்றி அலுமினியம் பூச வேண்டும். இருளுக்குப் பழகிய கண்ணைவிட நானூறு மடங்குக்கும் மேல் ஒளி திரட்டும் ஆடி அது. 25 மி.மீ. கண்ணருகு வில்லையோடு 48 மடங்கு பெருக்கிக் காட்டும்.

தொலைநோக்கி வைக்கும் இடத்தைச் சுற்றிலும் குழாய்கள் நட்டுத் தோளுயரத்துக்குத் தார்ப்பாய் கட்டினால் தெருவிளக்கும் காற்றும் அடங்கும், கூரை வேண்டாம். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள். ஆடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர அரைமணி முன்பே வெளியே வைக்க வேண்டும்.

வடக்கு மறைந்தாலும் தெற்கு நமக்கு வாரி வழங்குகிறது. சித்திரையில் இரவு பதினோரு மணிவாக்கில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து தென்திசையில் 32 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது உதிப்பதே இல்லை. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளிதான். இந்த ஆடியில் அதன் விளிம்பு தனித்தனி விண்மீன்களாகப் பிரியும். புதிய தொலைநோக்கியை முதலில் அங்கேதான் திருப்புவேன்.