திசைகாட்டி பொய் சொல்லுமா?

பாய்மரப் படகில் நடுக்கடலில் இருக்கீங்க. இருட்டிடுச்சு, ஜி.பி.எஸ். வேலை செய்யலை. கையில் இருப்பது காந்தத் திசைகாட்டி மட்டும்தான். அதுவும் தப்பாகக் காட்டினால்? 1 டிகிரி பிசகினால், 60 கடல் மைல் போனதும் 1 மைல் தள்ளி நிற்பீங்க. 5 டிகிரி என்றால் 5 மைல். அங்கே துறைமுகத்துக்குப் பதில் பாறை இருக்கலாம்!

பிழை இரண்டு வகை. ஒன்று, பூமியோடது. காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. இடத்துக்கு இடம் மாறும் இந்த வித்தியாசம் கடல் வரைபடத்திலேயே இருக்கும். கூட்டியோ கழித்தோ சரிபண்ணிக்கலாம்.

இன்னொன்று, படகோடது. இன்ஜின், ஸ்பீக்கர், ஏன், உங்க செல்போன்கூட முள்ளை இழுக்கும். 1802-03-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ், கப்பலின் இரும்பு முள்ளைத் திருப்புவதைக் கவனித்து ஆராய்ந்தார். பிழை திருத்தும் 'ஃபிளிண்டர்ஸ் பார்' அவர் பெயரில்தான் இருக்கு.

எப்படிச் சரிசெய்வது?

* அலையில்லாத இடத்தில், போன், கத்தியை எல்லாம் தள்ளி வைங்க.
* உலோகங்களை விட்டு விலகி நின்று, கையடக்கத் திசைகாட்டியில் பார்த்துப் படகை வடக்கே திருப்புங்க.
* வடக்கு-தெற்குத் திருகாணியைத் திருகி முழுப் பிழையையும் நீக்குங்க. பித்தளை ஸ்க்ரூடிரைவர் முக்கியம். எஃகு முள்ளை இழுத்துடும்.
* கிழக்கே திரும்பி, கிழக்கு-மேற்குத் திருகாணியில் அதேபோல.
* தெற்கிலும் மேற்கிலும் மிச்சப் பிழையில் பாதியை மட்டும் நீக்குங்க.
* 45 டிகிரிக்கு ஒருமுறை, மிஞ்சும் பிழையை அட்டையில் எழுதி ஒட்டுங்க.

இரும்புப் படகா? வல்லுநரைக் கூப்பிடுங்க.

செல்ஃபி எடுக்கணுமா? திசைகாட்டியை விட்டுத் தள்ளி நின்னு எடுங்க!