பாறை கரைவதும் மண் காப்பதும்

கல் அழியாதது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் கல்லும் கரைகிறது. நாம் உழும் மண் அதிலிருந்தே பிறந்தது. ஆகவே பாறை கரையும் விதத்தை விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நலம்.

இதனைத் தெளிவாகக் காணத்தக்க இடம் கர்நாடகத்திலுள்ள பாதாமி. 642 ஆம் ஆண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் வென்ற வாதாபி இதுவே. அங்கே செந்நிற மணற்பாறைக் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. சாளுக்கியர் அவற்றைக் குடைந்து கோயில்கள் அமைத்தனர்.

மணற்பாறை என்பது மணல் மணிகள் சுண்ணாம்பு, இரும்பு முதலிய பசைப்பொருள்களால் இறுகியதாகும். மழைநீர் அதன் நுண்துளைகளில் புகுந்து பசையைக் கரைக்க, மணிகள் உதிர்கின்றன. அடியில் ஊறிய ஈரம் காயும்போது உப்புப் படிகங்கள் பருத்துக் கல்லைப் பொரியச் செய்கின்றன. வீட்டுச் சுவரின் அடியில் உப்புப் பூத்துக் காரை உதிர்வதும் இவ்வாறே. வெடிப்புகளில் மரவேர் நுழைந்து பிளக்கிறது. அடிப்பகுதி அரிக்கப்பட்டதும் மேலுள்ள பாளம் தாங்குதலின்றிச் சரிகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் அடியிலுள்ளது மணற்பாறையன்று. பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் போன்ற கடும்பாறை. அதுவும் நீராலும் வேராலும் மெல்லத் தளர்கிறது. கிணறு வெட்டுவோர் இதனைக் கண்ணாரக் காண்கின்றனர். மேலே மண்; அதன்கீழ்ச் சுக்கானும் சரளையும்; பின்னர்க் கடப்பாரைக்கு உடையும் உளுத்த பாறை; இறுதியில் வெடி வைத்தாலன்றிப் பிளவாத பாறை. பாறை மேலிருந்து கீழாக மண்ணாகி வருவதற்கு அக்கிணற்றுச் சுவரே சான்று.

ஓர் அங்குல மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் பெருமழை, வெறுமையாகக் கிடக்கும் சரிவு நிலத்தின் மேல்மண்ணைச் சில நாட்களில் ஓடைக்கு இழுத்துச் சென்றுவிடும். அம்மண் கண்மாயில் படிந்து அதன் கொள்ளளவையும் குறைக்கும். இது புன்செய்க்கும் நட்டம், கண்மாய்க்கும் நட்டம்.

இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை. சரிவுக்குக் குறுக்கே உழுதல் வேண்டும். சமமட்ட வரப்பு அமைத்து, அதன்மேல் புல்லோ வெட்டிவேரோ நடலாம். ஓடை தொடங்கும் இடத்திலேயே கற்களை அடுக்கித் தடுக்கலாம். ஓடை ஆழ்ந்தபின் செலவு பெருகும். கண்மாயில் சேர்ந்த வண்டலை முறையான அனுமதி பெற்று வயலுக்கே திருப்பலாம்.

பாறை கரைவதை நாம் துரிதப்படுத்த இயலாது. கரைந்து விளைந்த மண்ணைக் காக்க இயலும். பஞ்சாயத்துகள் பருவமழைக்கு முன்னரே தத்தம் எல்லையிலுள்ள ஓடைகளையும் வரப்புகளையும் பார்வையிட்டு, வேலைகளை முடிவு செய்யக் கோருகிறோம்.