சிறிய மோட்டாரும் பெரிய யோசனையும்

பல வருஷச் சேமிப்பைக் கொடுத்து மோட்டார் வாங்கும் குடும்பத்தார் தோற்றத்தைக் கண்டு மயங்கலாகாது. 2023-ஆம் வருஷம் ஜூலை மாதம், 5,99,900 ரூபாய் ஆரம்ப விலையில் வெளிவந்த ஹூண்டாய் எக்ஸ்டரை உதாரணமாகக் கொள்வோம். உருவத்தில் அது ஜீப்பின் தம்பி. ஆனால் யந்திரத்தின் சக்தி முன்சக்கரங்களுக்கு மாத்திரமே செல்லும். ஆகையால் ஆழ்ந்த சேற்றில் அதை நம்பி இறங்குவது விவேகமன்று.

எனினும், உடைதான் புதிது. உள்ளே இருக்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் யந்திரம், அதே கம்பெனியார் 2019-இல் வெளியிட்ட கிராண்ட் ஐ10 நியாஸில் ஏற்கெனவே உழைத்துப் பழகியது. அந்தப் பழக்கமே நம்பிக்கைக்கு ஆதாரம்.

கூரைக் கண்ணாடி வழியே ஆகாயத்தைப் பார்க்க வேண்டுமானால் உயர்ந்த ரகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். உயிர்காக்கும் காற்றுப்பைகள் ஆறுமோ, மலிவான ரகத்திலேயே அமைந்து வந்தன. வண்டியின் மதிப்பை நிர்ணயிக்க இவ்விரண்டில் எது முக்கியம் என்பதை வீட்டுப் பெரியவர்களே கூறட்டும்!